ஸ்டேஷன் மாஸ்டர் ரூமுக்கு லைட் போட்ட கதை

மிக்ஸிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அளவுக்கு மீறி அரைத்தால் மிக்ஸி நின்றுவிடும். அந்தப் பொத்தானை அமுக்கினால் மறுபடியும் ஓடும். என்னுடைய மொத்தப் பொறியியல் அறிவும் இவ்வளவுதான். கல்யாணமாகி மன்னார்குடிக்கு வந்த முதல் வாரத்திலேயே இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒரு ரயில்வே ஸ்டேஷன் தப்பித்திருக்கும்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பொத்தானை அமுக்கினேன். விருந்துக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்ஸி நின்றுவிட, கடைக்கு எடுத்துப் போக என் மாமியார், அதாவது மாமி, பையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மிக்ஸியைக் கவிழ்த்து ஒரே ஒரு அமுக்கு. ஓடியது. மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"இன்ஜினியர் பொண்ணுன்னா சும்மாவா!" என்று அன்றைக்கே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போனது. பேராவூரணியிலிருக்கும் என் அம்மாவுக்கும் போனது. அம்மா உடனே என்னைக் கூப்பிட்டு, "நீயா சரி பண்ணுன? டார்ச் லைட்டுக்குப் பேட்டரியே திருப்பித்தானே போடுவ?" என்றார்.

"மெதுவாப் பேசும்மா, ஸ்பீக்கர்ல இருக்கு" என்று பொய் சொல்லி வைத்தேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சான்றிதழ் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பில், ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சால்டரிங் ராடை மூன்று முறை கையில் பிடித்திருக்கிறேன், அதில் ஒரு முறை தவறான முனையில். லேபில் எல்லாவற்றையும் என் கூட்டாளிப் பெண்ணே செய்வாள். நான் அழகான கையெழுத்தில் ரெக்கார்டு எழுதுவேன். படித்து முடித்ததும் வீட்டிலிருந்தபடியே இன்ஷூரன்ஸ் கம்பெனி சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அந்த வேலையில் மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு, லேப்டாப்புக்கு சார்ஜ் போடுவது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் கணவரின் அத்தா, அதாவது அப்பா. குவைத்தில் ஒரு பொம்மைக் கடையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஊரில் மற்றவர்கள் லீவில் வரும்போது தங்கம், போர்வை, தைலம் என்று கொண்டு வர, இவர் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு இன்ஜின், ரெண்டு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம் என்று கொண்டு வந்திருக்கிறார். "அடுத்தடுத்த வீட்டுல கழுத்துல நெக்லஸ் ஆடுது, எங்க வீட்டுல மாடியில ரயில் ஓடுது" என்பது மாமி வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லும் வரவேற்புரை.

குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட பிறகு மாமா மாடி அறை முழுக்க ஒரு பெரிய மேசை போட்டு நம் ஊரையே அதில் இறக்கிவிட்டார். ரெண்டு வாய்க்கால், மதகு, நெல் மூட்டை அடுக்கிய குட்ஸ் ஷெட், லெவல் கிராசிங், அதன் ஓரம் டீக்கடை. நடவு வயலுக்குப் பச்சை டர்க்கி டவல். (மாமி அந்த டவலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார்.) இன்ஜினும் பெட்டியும் மட்டும்தான் வெளிநாட்டுச் சரக்கு. கட்டடம் எல்லாம் அவரே செய்தது. தெர்மாகோலில் சுவர் வெட்டி, மேலே அட்டை ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஓடு ஓடாகக் கீறிக் கூரை வைப்பார். ஒரு கட்டடத்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.

நடுவில் இருந்த ஸ்டேஷன் கீழ்வேளூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றின் அச்சு அசலான நகல். எக்ஸ்பிரஸ் எல்லாம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடும், அவ்வளவு சின்ன ஸ்டேஷன். அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் சாமிநாதன் சார். மாமியின் பிறந்த வீடு அந்த ஊர். மாமா லீவில் வரும்போதெல்லாம் குடும்பம் அங்கேதான் இருக்கும் என்பதால் பெட்டி படுக்கையோடு விடியற்காலையில் அந்த ஸ்டேஷனில் இறங்குவார். ஊருக்குள் போக பஸ் வரும்வரை சார் தன் அறையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அப்படித் தொடங்கிய சிநேகம். சார் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து மாடியில் உட்கார்ந்துவிடுவார். பொம்மை ரயில்தான், ஆனால் சிக்னல் கொடுக்காமல் நகர்த்தினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "பாய், லைன் கிளியர் வாங்காம வண்டிய எடுத்தா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்று உண்மையாகவே கேட்பார்.

அவருக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. முதலில் ஓரம் தெரியவில்லை என்றார். அப்புறம் படிக்க முடியவில்லை என்றார். ஒரு நாள் மேசைமேல் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சத்தம் கேக்குது பாய், வண்டி தெரியல" என்றார்.

"ஒண்ணுமே தெரியலையா சார்?" என்றார் மாமா.

"வெளிச்சம் தெரியுது. ரோட்டுல லாரி வந்தா லாரி தெரியாது, ஹெட்லைட் தெரியும். டாக்டர் அதுவும் ரொம்ப நாளைக்கு இருக்காதுங்கிறார்."

பெங்களூரில் இருக்கும் அவர் மகன் அவரைத் தன்னோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டார். போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவதாகப் பேச்சு.

மாமா அன்று என்னிடம் வந்தார். சாதாரணமாக எதையும் கேட்கிற ஆள் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"ஒரு யோசனைம்மா. கட்டடத்துக்கு உள்ள எல்லாம் குட்டி லைட் வெச்சா? ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல ஒண்ணு, டிக்கெட் கவுன்டர்ல ஒண்ணு, கேட்டுல, டீக்கடையில. ரூமை இருட்டாக்கிட்டுப் போட்டா அவருக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்ல? ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டுமே. கடைத்தெருவுல எலக்ட்ரீஷியனைக் கேட்டேன், சிரிக்கிறான். நீ இருக்கும்போது நான் ஏன் அவன்கிட்டப் போகணும்?"

நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

"இதெல்லாம் ஒரு விஷயமா மாமா?"

ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கடுகு மாதிரி எல்.இ.டி பல்புகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி மாதிரி ரெண்டு வயர். கூடவே ஒரு சின்ன பாக்கெட்டில் கோடு கோடாக வர்ணம் பூசிய ரெசிஸ்டர்கள்.

"இது என்னம்மா?" என்றார் மாமா.

"ரெசிஸ்டர் மாமா. இது நமக்குத் தேவைப்படாது" என்று தள்ளி வைத்தேன்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? சோதித்துப் பார்த்தேனே! கைக்கடிகாரத்துக்குப் போடுகிற பட்டன் பேட்டரியில் ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தேன். அழகாக எரிந்தது. ரெசிஸ்டர் இல்லாமலேயே எரிகிறதே, அப்புறம் எதற்கு? (பல்பு கருகாமல் கரண்டைக் கட்டுப்படுத்துவதுதான் ரெசிஸ்டரின் வேலை; பட்டன் பேட்டரிக்கு அவ்வளவுதான் சக்தி, அதனால்தான் பல்பு பிழைத்தது என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். நான் அதை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.)

அந்த வாரம் முழுக்கச் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மாமா மாடிக்கு வந்துவிடுவார். நானும் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கு மருமகள் வேடம் கழன்று விழுந்தது அந்த ஒரு வாரம்தான். ஜன்னல்களுக்கு உள்பக்கம் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினோம், வெளிச்சம் கூசாமல் மெத்தென்று தெரிவதற்காக. முதல் கட்டடத்தில் பல்பை வைத்துப் பார்த்தால் ஜன்னல் மட்டுமல்ல, சுவரே ஜொலித்தது, பேய் பங்களா மாதிரி. தெர்மாகோல் வழியாக வெளிச்சம் கசிகிறது. அதனால் உள்ளே முழுக்கக் கறுப்பு அட்டை ஒட்டினோம். மாமா தீக்குச்சியில் ஒரு மேசையும் நாற்காலியும் செய்து ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் வைத்தார். கூரை மூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"யார் பாக்கப் போறா மாமா?"

"அவர் உக்காந்த இடம் காலியா இருக்கக் கூடாதும்மா. லைட்டை ஜன்னலோரம் வெக்காத, மேசைக்கு மேல வர்ற மாதிரி வை."

வைத்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் கசியாமலிருக்க இன்ஸ்டன்ட் பசையால் கூரைகளை ஒட்ட ஆரம்பித்தேன்.

"கூரையை ஒட்டாம சும்மா வெச்சுக்கலாமாம்மா? பின்னாடி ஒரு லைட் போச்சுன்னா?"

"எல்.இ.டி மாமா. நம்ம ஆயுசுக்கும் எரியும்."

எல்லாக் கூரையும் ஒட்டியாகிவிட்டது. எல்லா வயரையும் மேசைக்கு அடியில் கொண்டுவந்து ஒன்றாக முறுக்கி, பழைய வைஃபை பெட்டியின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் சேர்த்துவிட்டேன். மாமா மறுபடியும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாத்தையும் சேத்து ஒரு தடவை போட்டுப் பாத்துருவோமா?"

"தனித்தனியா எரிஞ்சுச்சுல்ல மாமா? ஒண்ணாச் சேத்தா மட்டும் சண்டையா போட்டுக்கும்?"

அந்தப் புத்திசாலித்தனமான பதிலுக்கு நானே கொஞ்சம் சிரித்துக்கொண்டேன். மாமாவும் சிரித்தார். பெரிய மனுஷர், மருமகள் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமிநாதன் சார் மகனோடு காரில் வந்து இறங்கினார். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. மாடிப்படியைக் கையால் தடவித் தடவி ஏறினார். மாமி வடையும் டீயும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்தோம். தலைக்குமேல் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாரின் கையைப் பிடித்து சுவிட்சில் வைத்தார்.

"நீங்களே போடுங்க சார்."

"எதுக்கு பாய் இது?"

"போட்டுப் பாருங்களேன்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "லைன் கிளியர்" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

பளீரென்று ஒரு வெளிச்சம். ஸ்டேஷன், கேட்டு, குட்ஸ் ஷெட், டீக்கடை எல்லா ஜன்னலிலிருந்தும் நீல வெள்ளையாக ஒரே நேரத்தில் பாய்ந்தது. பொரி பொரிகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம். அப்புறம் இருட்டு. அப்புறம் ஒரு கருகிய வாடை.

சார்தான் முதலில் பேசினார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்துட்டேன் பாய்! மின்னல்! ஐப்பசி மழையில ஸ்டேஷன் மேல மின்னல் வெட்டுற மாதிரியே செட் பண்ணியிருக்கீங்களா? எனக்கு நல்லாத் தெரிஞ்சுது! சரி, இப்ப ஸ்டேஷன் லைட்டைப் போடுங்க."

பொறியியல் பட்டதாரி மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

"சார்..." என்றார் மாமா. வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "கரண்ட் போயிருச்சு சார்."

"ஃபேன் காத்து வருதே பாய்?"

"அது இன்வெர்ட்டர்."

"இன்வெர்ட்டர்ல லைட் எரியாதா?"

மாமாவிடம் அதற்குமேல் பொய் இருப்பில் இல்லை. "நீங்க வடை சாப்பிடுங்க சார், கரண்ட் வந்துரும்" என்றார்.

நான் ஸ்டேஷனை மட்டும் மேசையிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். மாமி பின்னாலேயே வந்தார். காய் வெட்டும் கத்தியால் கூரையை நெம்பினேன். ஓரம் ரெண்டு இடத்தில் உடைந்தது. உள்ளே பல்பு கறுத்துக் கிடந்தது. தீக்குச்சி மேசையும் நாற்காலியும் அப்படியே இருந்தன.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி, சின்ன விஷயம்."

"இது ரயில்ம்மா, மிக்ஸி இல்ல" என்றார் மாமி. மேலே சாரின் மகன், "அப்பா, லேட் ஆகுது" என்பது கேட்டது.

மிச்சமிருந்த ஒரு பல்பை எடுத்து, பட்டன் பேட்டரியில் செலோடேப் போட்டுச் சுற்றி, தீக்குச்சி மேசைக்கு மேலே தொங்கவிட்டேன். எரிந்தது. கூரையைத் திரும்ப வைத்து, உடைந்த ஓரம் முழுக்கப் பசையைக் கொட்டினேன். ஒரு துளி போதும் என்று ட்யூபிலேயே எழுதியிருக்கிறது. நான் ட்யூபையே காலி செய்தேன். தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, அதன் இடத்தில் வைத்தேன்.

"கரண்ட் வந்துருச்சு சார்" என்றேன்.

சார் குனிந்தார். ஊர் முழுக்க இருட்டு, ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம். அவர் முகம் மெல்ல அதை நோக்கித் திரும்பியது.

"என் ரூம்" என்றார். "பாய், இது என் ரூம்தானே?"

"உங்க ரூம்தான் சார். உள்ள உங்க மேசை இருக்கு. நாற்காலியும் இருக்கு."

சார் கையை நீட்டினார். பிளாட்பாரத்தைத் தடவினார், சுவரைத் தடவினார், டிக்கெட் ஜன்னலைக் கண்டுபிடித்தார். அப்படியே கூரைக்குப் போய் ஓட்டின்மேல் விரல்களை வைத்தார். நான் "சார்!" என்பதற்குள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன.

முதலில் யாருக்கும் புரியவில்லை. சார் கையை எடுத்தார், ஸ்டேஷனும் கூடவே எழுந்து வந்தது. அவர் கையை ஆட்டினார். ஸ்டேஷன் ஆடியது, உள்ளே விளக்கும் ஆடியது.

"ரிட்டயர் ஆகியும் ஸ்டேஷன் என்னை விட மாட்டேங்குதே!" என்றார் சார். மகனைத் தவிர எல்லோரும் சிரித்தோம். மகன், "இதோடவே கார்ல ஏத்திட்டுப் போக வேண்டியதுதானா?" என்று கேட்டார். அவர் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அந்த இடத்திலாவது நான் சும்மா இருந்திருக்கலாம். வெந்நீரும் சோப்பும் கொண்டுவரேன் என்றார் மாமி. மெதுவாக ஊறவைத்து எடுத்திருக்கலாம். நான்தான் இன்ஜினியராயிற்றே. போனில் தேடினேன். அசிட்டோன் போட்டால் பசை கரையும், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் அசிட்டோன் உண்டு என்று முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியைப் படிக்கவில்லை. என் அலமாரியிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து சாரின் விரலைச் சுற்றித் தாராளமாக ஊற்றினேன்.

விரல் விட்டது. நான் வெற்றியோடு நிமிர்ந்தேன். அப்போது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது வரி, அசிட்டோன் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பது.

சூடான தோசைக்கல்லில் வெண்ணெய் போகிற மாதிரி ஸ்டேஷன் போனது. சுவர்கள் உள்பக்கமாக உருகி இறங்க, மேல் அட்டை மட்டும் சட்டை மாதிரி தொங்கி, பிறகு சுருண்டு விழுந்தது. கூரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்தது. பிளாட்பாரமும் பள்ளம் விழுந்து உள்ளே போனது. விளக்கு எங்கோ அடியில் மாட்டி அணைந்துவிட்டது.

"என்ன பாய், திரும்பவும் கரண்ட் போயிருச்சா?" என்றார் சார்.

கதவு வழியாக வந்த மங்கிய வெளிச்சத்தில் மாமா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் கீறிய ஓடுகள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

"ஆமா சார்" என்றார். "போயிருச்சு."

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் கார் கிளம்பும்போது சார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "நல்லாப் பாத்தேம்மா" என்றார். விரலில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மறுநாள் மாமி மாடி அறையைப் பெருக்கும்போது அந்த ரெசிஸ்டர் பாக்கெட்டைக் கண்டெடுத்து, "இது என்ன, சீரகம் மாதிரி?" என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தி அழுதேன். வெளியே வந்தபோது மாமா நின்றுகொண்டிருந்தார். "அழாதம்மா. தெர்மாகோல்தானே, வாங்கிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் நானும் மனதுக்குள் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

என் பழைய லேப் கூட்டாளிக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல மறுபடி படித்தேன். மற்ற கட்டடங்களின் கூரைகளை அறுத்துத் திறந்து, ஒவ்வொரு பல்புக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து சால்டர் செய்தேன். கையில் ரெண்டு தழும்பு இருக்கிறது. மாமா புது ஸ்டேஷன் கட்டினார், இந்த முறை மரப்பலகையில். மேசை, நாற்காலி உட்பட. எந்தக் கூரையும் ஒட்டவில்லை. எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்த அன்று மாமா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் பெங்களூரில் சாருக்கு வெளிச்சமும் போய்விட்டிருந்தது.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். இன்றைக்கும் ஃபேனோ மோட்டாரோ ரிப்பேர் என்று எலக்ட்ரீஷியன் வந்தால் மாமி வாசலிலேயே நிறுத்தி, "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்பார். "ஐடிஐ-ங்க" என்றால், "அப்பச் சரி, உள்ள வாங்க" என்பார். ஒரு தடவை ஒரு பையன் "பி.இ. முடிச்சிருக்கேங்க" என்று பெருமையாகச் சொல்ல, மாமி கேட்டைச் சாத்தியேவிட்டார். என் கணவர் சவூதியிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் இதையே புதுசு புதுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார். என் மகள் பேச ஆரம்பித்ததும் அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

சாமிநாதன் சார் மாதம் ஒருமுறை போன் செய்வார். மாமாவிடம் பேசி முடித்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்வார். எப்போதும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்னம்மா, கரண்ட் வந்துருச்சா?"

நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். புது ஸ்டேஷனில் விளக்கு எரிந்த மாதம் மட்டும் என்னால் மழுப்ப முடியவில்லை. "வந்துருச்சு சார். எல்லா லைட்டும் எரியுது. உங்க ரூம், கவுன்டர், கேட்டு எல்லாம். ஒருநாள் வாங்க சார்" என்று மளமளவென்று சொல்லிவிட்டேன்.

"இப்ப எனக்கு இங்க கரண்ட் போயிருச்சும்மா" என்றார் சார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நீங்க அணைச்சுறாதீங்க. பாய் பாக்கட்டும்."